கீழக்கரைச் சாப்பாடு அரபு நாட்டிலிருந்து வந்ததா?

ராமேசுவரம் போகிறவர்கள் சிலர் வழியில் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரையிலும் வண்டியை நிறுத்துகிறார்கள். தொதல் என்ற இனிப்பை வாங்குகிறார்கள், பழைய பள்ளிவாசல்களைப் பார்க்கிறார்கள், நேரம் இருந்தால் ஏர்வாடி தர்காவுக்கும் ஒரு எட்டுப் போய்வருகிறார்கள். ஊர் திரும்பியதும் அவர்கள் சொல்வதிலும் உணவுக் காணொளிகளிலும் இரண்டு பேச்சு அடிபடுகிறது. "இந்த வறண்ட மாவட்டத்தில் இப்படி ஒரு ஊரா?" என்பது முதலாவது. "அங்கே எல்லாமே அரபு நாட்டுச் சாப்பாடு" என்பது அடுத்தது.

முதல் பேச்சில் இருக்கும் வியப்பு நியாயமானது. இரண்டாவது பெரும்பாலும் தப்பு. இரண்டு குழப்பமும் கீழக்கரையைக் கரையில் நின்று பார்ப்பதால் வருகின்றன. கடல் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஊரின் கட்டடம், பாட்டு, சாப்பாடு மூன்றுக்கும் காரணம் பிடிபடும்.

நிலம் ஒன்று, கடல் இரண்டு

ராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைக் கண்மாயில் தேக்கி வைத்தால்தான் விவசாயம். வைகை இந்த மாவட்டத்துக்கு வந்து சேரும்போது ஆற்றில் பல வருஷம் மணல்தான் மிச்சம். அரசாங்க ஊழியர்கள் இங்கே மாற்றலாகி வருவதைத் தண்டனை என்று பேசிய காலம் உண்டு. "தண்ணியில்லாக் காடு" என்ற பேர் அப்படித்தான் நிலைத்தது. ஆனாலும் இந்த மண்ணில் நன்றாக வருபவை இரண்டு உண்டு. ஒன்று முண்டு மிளகாய், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மற்றது பனை. இரண்டையும் நினைவில் வையுங்கள், சாப்பாட்டுப் பகுதியில் திரும்ப வருகின்றன.

கடற்கரைக்கு வந்தால் கணக்கே வேறு. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்பார்கள் மீனவர்கள். வடகடல் ஆழம் குறைந்தது, சேற்றடி கொண்டது. தென்கடலில் கரையை ஒட்டிப் பவளப்பாறைகளும் வரிசையாகத் தீவுகளும் உண்டு. பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் அவை தேசிய கடல் பூங்கா ஆயின. அதில் 7 தீவுகள் கீழக்கரைக் கூட்டம் என்றே அழைக்கப்படுகின்றன.

இந்தத் தென்கடலின் தரையில்தான் முத்துச்சிப்பியும் சங்கும் விளைந்தன. வயலில் கிடைக்காத காசு கடலடியில் கிடந்தது. ராமநாதபுரம் நகரத்திலிருந்து 17 கிலோமீட்டர் தெற்கே, இந்தக் கடலை ஒட்டி, கீழக்கரை.

காசு வந்த வழி

1. முத்து. மன்னார் வளைகுடா முத்து சங்க காலம் தொட்டே பேர் பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பை விலாவாரியாக எழுதி வைத்தார். 1960களின் தொடக்கத்தோடு பெரிய அளவிலான முத்துக்குளிப்பு இந்தக் கடலில் நின்றுபோயிற்று.

2. சங்கு. முத்து அளவுக்கு இதற்குப் பகட்டு கிடையாது. ஆனால் நின்று நிதானமாகக் காசு கொடுத்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. முத்துச்சிப்பி சில வருஷம் மண்டிக் கிடக்கும், பல வருஷம் காணாமலே போகும். சங்குக்கு அந்த அளவு ஏற்ற இறக்கம் இல்லை. வாங்குகிற இடமும் உறுதி. கல்யாணமான வங்காளப் பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு இந்தக் கடலின் சங்குதான் போயிற்று. டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுத்து வளையலாக்கினார்கள்.

3. குதிரை. பாண்டியர்களுக்குப் படைக்குதிரை வேண்டும், தமிழ்நாட்டு வெயிலில் குதிரை நிலைக்காது. ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் இறக்கினார்கள். இதையும் மார்க்கோ போலோ சொல்கிறார். அந்த வியாபாரத்தோடு வந்த அரபு வணிகர்களில் சிலர் இந்தக் கரையிலேயே பெண் கட்டிக்கொண்டு தங்கினார்கள்.

4. இடைத்தரகு. இந்தக் கரை மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் இருக்கிறது. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியபட்டினத்தில் 1980களில் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன. கல்வெட்டுகளில் அந்த ஊருக்குப் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பெயர். இன்றைக்கு அங்கே போனால் தென்னந்தோப்புதான் கண்ணில் படும்.

நாலாவது விஷயம்தான் சாப்பாட்டுக்கு முக்கியம். மேற்கே போன அளவுக்குக் கிழக்கேயும் போன ஊர் இது. "அரபு நாட்டுச் சாப்பாடு" என்கிறவர்கள் அந்தப் பாதிக் கடலை மறந்துவிடுகிறார்கள்.

சேதுபதியும் சீதக்காதியும்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சீமையை ஆண்டவர் கிழவன் சேதுபதி. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர், இராமலிங்க விலாசம் அரண்மனையைக் கட்டியவர். கீழக்கரை வணிகர் ஷேக் அப்துல் காதிர் மரைக்காயர் அவருக்கு மிக நெருக்கமானவர். நமக்கு அவர் வள்ளல் சீதக்காதி. சேதுபதி அவருக்கு 'விஜய ரகுநாத பெரியதம்பி' என்று பட்டம் கொடுத்தார். தன் பெயரையே சேர்த்துப் பட்டம் கொடுப்பது சும்மா மரியாதை ஆகாது. 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் முத்தையும் சங்கையும் முழுக்கத் தங்கள் கைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். சேதுபதியிடம் கரை இருந்தது, மரைக்காயரிடம் கப்பல் இருந்தது. ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார்.

சீதக்காதி கட்டிய நடுத்தெரு ஜும்மா பள்ளிவாசலில் இந்த உறவு கல்லில் நிற்கிறது. உள்ளே போய் ஒரே ஒரு தூணை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து மேலே பாருங்கள். கீழே சதுரம், அதன் மேல் பட்டை தீட்டிய தண்டு, உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. கோயில் மண்டபத்துத் தூண் எந்த இலக்கணத்தில் செதுக்கப்படுமோ அதே இலக்கணம். தெய்வ உருவமோ மனித உருவமோ மட்டும் இருக்காது. அந்த இடத்தில் பூவும் கொடியும். மேற்கூரை தட்டையான கற்பலகை. கோயில் வேலை பழகிய ஸ்தபதிகளின் கைதான் இது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதே ஊரில் பழைய ஜும்மா பள்ளி என்று இன்னொன்று உண்டு, மீன்கடைப் பள்ளி என்றும் சொல்வார்கள். அதை 7ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது ஊர் வழக்கு. வழக்கை வழக்காக எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டிலும் இதே கதை. எட்டயபுரத்து உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடவைத்தவர் சீதக்காதி. நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லும் 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள், முழுக்க முழுக்கத் தமிழ்க் காப்பிய மரபில், நாட்டு வளம் பாடும் நாட்டுப்படலத்தோடு. காப்பியம் முடிவதற்குள் சீதக்காதி இறந்துவிட்டார். மிச்சத்தை முடிக்கக் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். பரங்கிப்பேட்டை எங்கே, கீழக்கரை எங்கே என்று கேட்கலாம். நிலத்தில் தூரம்தான். கப்பல்காரர்களுக்குக் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்.

சேதுபதிகள் ஏர்வாடி தர்காவுக்கு மானியம் விட்டார்கள், ராமேசுவரம் கோயிலுக்குப் பிராகாரம் கட்டினார்கள். இதை "மத நல்லிணக்கம்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை. அதற்கு அடியில் கறாரான வரவு செலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்ததால்தான் அது நீடித்தது.

தட்டில் இருப்பது எந்தக் கரை?

சரி, சாப்பாடு. ஒவ்வொன்றாக எடுத்து, பொருள் என்ன, பக்குவம் என்ன என்று பார்த்தால் போதும்.

தொதல். கீழக்கரையின் பேர் சொல்லும் இனிப்பு. பச்சரிசி மாவு, கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரை, முந்திரி. பெரிய சட்டியில் ஊற்றி நிதானமான தீயில் கிண்ட வேண்டும். முதலில் கஞ்சி மாதிரி இருக்கும். தண்ணீர் வற்ற வற்றக் கரண்டி கனக்கும். ஒரு கட்டத்தில் தேங்காய்ப்பாலே எண்ணெய் கக்க ஆரம்பிக்கும். அந்த எண்ணெயிலேயே மாவு வெந்து, பளபளவென்று கறுத்து, சட்டியை விட்டு உருண்டு வரும். அதுவரை கை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அடிப்பிடிக்கும். மணிக்கணக்கான வேலை. இத்தனை பாடு எதற்கு? ஈரம் வற்றி இனிப்பு செறிந்துவிட்டதால் பல நாள் கெடாது. கப்பலில் போகிறவனுக்குக் கட்டிக்கொடுக்க ஏற்ற பண்டம்.

இதே பண்டம் இதே பக்குவத்தில் மலேசியா, இந்தோனேசியாவில் உண்டு. இலங்கையிலும் கோவாவிலும் உண்டு. இந்த ஊர்களைக் கோடு போட்டு இணைத்தால் அது இந்துமாக்கடலின் கப்பல் பாதை. அரபு இனிப்புகளின் ஆதாரம் கோதுமை, பேரீச்சை, தேன், பருப்பு வகைகள். தென்னை அந்த நிலத்தில் பெரும்பாலும் வளராது. தேங்காய்ப்பாலும் அரிசிமாவுமான பண்டம் அங்கிருந்து வர வழியே இல்லை.

வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். அடித்துக் கலக்கி ஆவியில் வேகவைப்பது. இலங்கை முஸ்லிம் வீடுகளில் இது இல்லாமல் பெருநாள் இல்லை. அங்கே கித்துள் பனை வெல்லம், இங்கே நம்ம பனங்கருப்பட்டி. டச்சுக்காரர்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த மலாய்ப் படையாட்கள் வழியாக வந்த பக்குவம் என்பது இலங்கையில் பரவலான கருத்து. கீழக்கரைக்கு அது எட்டுவது பெரிய விஷயமே இல்லை. இந்த ஊரில் கொழும்பு வியாபாரம் பழக்கமான விஷயம்.

மாசி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கல் மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைப்பது. மாலத்தீவின் அடையாளமே இதுதான். தூத்துக்குடிப் பக்கமும் செய்கிறார்கள். இடித்துத் தேங்காய், மிளகாயோடு சேர்த்தால் இடியாப்பத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். சுத்த சைவக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஆணம். நாம் குழம்பு என்பதை இங்கே ஆணம் என்பார்கள். கறியாணம், மீனாணம். புளியை விடத் தேங்காய்ப்பாலுக்கு வேலை அதிகம். சீலா, பாரை, விளமீன், கணவாய், நண்டு என்று அன்றைக்குக் கரையேறியது எதுவோ அது. உள்நாட்டு மிளகாயும் இங்கே சேர்ந்துகொள்கிறது.

கடப்பாசி. நோன்பு காலத்து இனிப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாம்பன் சின்னப்பாலம் முதல் இந்தக் கரை நெடுகப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று பாறையிலிருந்து பறித்து வருகிறார்கள். அது காய்ந்து மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கூழ்மம் எடுத்து, வெள்ளை இழையாகக் கடைக்கு வந்ததை இதே கரைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிப் பால் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள்.

ஆக, தேங்காயும் மீனும் கடற்கரை கொடுத்தது. கருப்பட்டியும் மிளகாயும் அந்த "தண்ணியில்லாக் காடு" கொடுத்தது. பக்குவம் பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தது.

அப்படியானால் அரபுப் பங்கு எது?

இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது பண்டத்தில் குறைவு, முறையில் அதிகம்.

1. மார்க்கமும் அதன் நாட்காட்டியும். எப்போது விருந்து, எப்போது நோன்பு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

2. சஹன். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறும் கறியும் பரப்பி, சிலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது. கல்யாண விருந்தில் பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே சஹனில் அமரலாம். வெளியூர்க்காரர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். தன் பக்கத்துச் சோற்றைத் தாண்டிக் கை போகாது என்ற ஒழுங்கு புரிந்ததும் கூச்சம் போய்விடும்.

3. எழுத்து. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இதில் நிறைய எழுதியவர்.

நோன்புக் கஞ்சியைக்கூட அரபு என்று சிலர் சொல்கிறார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்டுக் காய்ச்சும் கஞ்சியில் அரபு எங்கே இருக்கிறது? தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குவதே அதற்காகத்தான்.

இந்தக் கரையில் நிஜமான அரபு உணவு வேண்டுமென்றால் மந்திச் சோறும் ஷவர்மாவும் சாப்பிடலாம். அவை வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன தலைமுறையின் காலத்தில் வந்தவை. அதாவது, இந்த ஊரின் சாப்பாட்டில் மிகப் பழையது என்று பார்வையாளர்கள் நினைப்பதுதான் மிகப் புதியது.

சமையல் ஏன் மாறாமல் நின்றது?

ஆண்கள் ஊர் ஊராகப் போனார்கள் என்றால் பக்குவம் கலைந்து போயிருக்க வேண்டாமா? இங்கேதான் இந்த ஊரின் குடும்ப வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடமை, அதற்காகவே சம்பாதிக்கிறவர்கள் உண்டு. அந்தக் கடமை பல குடும்பங்களைப் பிழிந்தெடுக்கும் சுமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் ஒரு பெண் கல்யாணமாகிப் போனதும் மாமியார் கைப்பக்குவத்துக்கு மாறுகிறாள். இங்கே பாட்டி, அம்மா, மகள் மூவரும் ஒரே அடுப்படி அல்லது அடுத்தடுத்த அடுப்படி. கடல் கடந்து போன ஆண் புதுப் பொருளைக் கொண்டுவருவான், ருசியைச் சொல்வான். அதை ஊர்ப் பக்குவத்துக்குள் கொண்டுவந்து நிலைக்கவைத்தது இந்த அடுப்படி. நல்ல கீழக்கரைச் சாப்பாடு ஓட்டலில் கிடைப்பது குறைவு என்று பார்வையாளர்கள் குறைப்படுவதற்கும் காரணம் இதுதான். அது வீட்டுச் சமையல், விருந்துச் சமையல். ஓட்டலுக்கு அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

கடல் மாறும்போது

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று ஒரே பயணச்சீட்டில் போகலாம் என்றானது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் இலங்கைப் போரால் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள், ஆனால் ரயில் ராமேசுவரத்தோடு நிற்கிறது. வட்டிலப்பம் வந்த வழி அடைபட்டே கிடக்கிறது.

கடலுக்குள்ளும் நிலைமை சரியில்லை. கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை. கடல்நீரில் சூடு ஏறும் வருஷங்களில் பவளம் வெளுக்கிறது. பவளப்பாறையை ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் வெட்டியதில் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. அதில் பூவரசன்பட்டி கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தது. பாசி எடுக்கும் பெண்கள் தாங்களாகவே மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இந்தக் கரையில் நடக்கும் உருப்படியான காரியங்களில் இது ஒன்று.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், நல்லது சீக்கிரம் தீர்ந்துவிடும். பதநீருக்கும் புதுக் கருப்பட்டிக்கும் அதே கோடைதான் பருவம், அதனால் ஒன்றை விட்டு ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பள்ளிவாசலைத் தொழுகை நேரம் தவிர்த்து, குறிப்பாக வெள்ளி நண்பகல் தவிர்த்து, கேட்டுக்கொண்டு பாருங்கள். ரமலான் பகலில் சாப்பாட்டுக் கடை தேடிப் போனால் ஏமாற்றம்தான், சாயங்காலம் போனால் வேறு ஊர்.

ராமநாதபுரத்திலிருந்து வரும் வழியில் திருப்புல்லாணி இருக்கிறது. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களுக்குப் பாயசம் பிரசாதம். இராமலிங்க விலாசத்து ஓவியங்களில் சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை போவது நல்ல வரிசை.

தொதல் வாங்கும்போது கருப்பட்டித் தொதலா, சர்க்கரைத் தொதலா என்று கேட்டு வாங்குங்கள். விரலால் அழுத்திப் பார்த்தால் எண்ணெய் ஒட்ட வேண்டும், மாவு ஒட்டக்கூடாது. மாவு ஒட்டினால் கிண்டினவர் அவசரப்பட்டுவிட்டார், வேறு கடை பாருங்கள்.